பிள்ளை இருந்தது வலது கையில்

பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் காலை, கோவில்பட்டியில் மாமனார் வீட்டில், என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை கடுக்கிறது என்றாள்.

"காயம் திங்கச் சொன்னா மூஞ்சியச் சுளிக்கா. வாயு பிடிக்காம என்ன செய்யும்?" என்றார் மாமியார். காயம், பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி போட்டுக் கிளறும் மருந்து. "பிள்ளைய எந்நேரமும் தூக்கி வச்சிருக்கால்லா, மாப்பிள. கைவலி அதான்."

அரை மணி நேரம் ஒத்தடம் கொடுத்தோம். வலி குறையாததால் ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா அவளைக் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன்: "வாயு, டாக்டர். பிள்ளையத் தூக்கித் தூக்கிக் கைவலி." நிருபர்கள் அனுப்பும் செய்தியில் ஊகமாக எழுதிய காரணங்களை அடித்து நீக்குவதுதான் பத்திரிகையில் என் வேலை.

"அவிய சொல்லட்டும். பேப்பர்லயும் இப்படித்தான் எழுதுவீயளா?" என்றார், பதிவுச் சீட்டில் என் வேலையைப் படித்திருந்த டாக்டரம்மா. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "எந்தக் கையில வச்சுப் பால் கொடுக்கீய?"

"வலது கை. இடது மார்புல புண்ணு. நாலு நாளா அந்தப் பக்கம் பிள்ளையப் போடவே இல்ல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. இதயத் தசை பாதிக்கப்பட்டிருப்பது இரண்டிலும் தெரிந்தது.

ஆம்புலன்ஸில் திருநெல்வேலி. ஆஞ்சியோவில் கொழுப்பு அடைப்பு இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவர் தானாகக் கிழிந்திருந்தது. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு இப்படி வரும் என்றார் இதய டாக்டர். ஸ்டென்ட் வைக்கப் போனால் கிழிசல் நீளலாம். ரத்த ஓட்டம் இருப்பதால் மாத்திரை கொடுத்துக் காத்திருப்போம், பெரும்பாலும் தானாக ஆறிவிடும் என்றார்.

"ஆறலைன்னா?"

"மறுபடி வலி வந்தா உடனே சொல்லணும்."

ஐசியூ வாசலில் மூன்று நாள் கிடந்தேன். பிள்ளை கோவில்பட்டியில் புட்டிப்பால் குடித்தது. "நாந்தான மாப்பிள வாயுன்னு சொன்னேன்" என்று மாமியார் ஃபோனில் அழுதார். அதை டாக்டரிடம் சொன்னது நான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நான்காம் நாள் காலை உள்ளே விட்டார்கள். அவள் இடது கை விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். "லேசாக் கடுக்குது. ஒரே பக்கமாப் படுத்ததுல இருக்கும். நீங்க பதறாதீங்க."

நர்ஸிடம் ஓடினேன். "இடது கை கடுக்குதாம்." ஒரே பக்கமாகப் படுத்த காரணத்தைச் சேர்க்கவில்லை.

என்னை வெளியே அனுப்பித் திரையை இழுத்தார்கள். வெகுநேரம் கழித்து நர்ஸ் தலையை நீட்டினார். "ஈசிஜி மாறல. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும்."

சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.