பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்ட பிறகு பார்த்த சிறுமலைப் பள்ளி

சிறுமலைக்குக் காலையில் போய் மதியமே திரும்பிவிட முடியுமா என்று போன வாரம் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். முடியும். எண்பதுகளில் நான் நான்கு முறை போயிருக்கிறேன், நான்கும் அரசாங்கச் செலவில். முதல் மூன்று பயணங்களில் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதைச் சொன்னால் அது ஏன் என்று புரியும்.

அப்போது எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு கல்வி அலுவலகத்தில் வேலை. பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளை எண்ண வேண்டும், கட்டடத்தை அளக்க வேண்டும், எந்தப் பள்ளிக்கு ஆசிரியர், எதற்குப் பணம் என்று மேலே எழுத வேண்டும். சிறுமலைப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள். வருகை குறைவாகவே இருந்ததால், இரண்டாவது ஆசிரியரான ஜோதியை ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தது. மாற்றினால் மலையில் ஐந்து வகுப்புக்கும் தலைமையாசிரியர் ஒருவர்தான். இரண்டு பள்ளியையும் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். ஒன்றரை நாளே அதிகம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த வயதில் அப்படித்தான் பேசுவேன்.

முதல் நாள் ரெட்டியார்சத்திரம். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு பைசா, அரை மணி நேரம். பத்து மணிக்கு எண்ணினேன்: ஐம்பத்து நான்கு பெயர், ஐம்பத்திரண்டு பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு பதினாறாம் வாய்ப்பாட்டைக் கூரை அதிரச் சொன்னது. கையிலிருந்த செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது மட்டும் பத்துப் பேரில் மூன்று பேர்தான் தடுமாறாமல் வாசித்தார்கள். அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்குச் சிறுமலை பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை என்பதால் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் இரண்டே கால் ரூபாய். கடைசி வரிசையில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், ஒவ்வொரு வளைவுக்கும் குடல் வாய்க்கு வரும். இறங்கும்போது கண்டக்டர் வழக்கம்போலச் சொன்னார்.

"பன்னெண்டுக்கு வண்டி எறங்கிரும்மா. விட்டீகன்னா அடுத்து நாலரைதான்."

"நான் எப்பவாவது விட்டிருக்கேனா?" என்றேன். மூன்று முறையும் ஐந்து நிமிடம் முன்பே ஏறி உட்கார்ந்தவள் நான்.

தலைமையாசிரியர் சவரிமுத்து ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டை மூடி, வராதவர்களுக்குச் சிவப்பு மையில் குறி போட்டு என்னிடம் நீட்டினார். நாற்பத்தொரு பெயர், பதினேழு பிள்ளைகள். நான் அதைக் கட்டத்தில் எழுதுவதை ஜோதி சாக்பீஸை உருட்டிக்கொண்டு பார்த்தார். என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது கூரை. ஓடு மாற்றப் பணம் கேட்டிருந்தார்கள். உடைந்த ஓடுகளைக் குத்துமதிப்பாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. பெஞ்சு மேல் ஏறி ஒவ்வொன்றாக எண்ணினேன். ஹாரன் சத்தம் கேட்டு வெளியே ஓடியபோது பஸ்ஸின் முதுகுதான் வளைவில் தெரிந்தது.

"முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?"

"ரெண்டு தடவ சொன்னேம்மா. நீங்க ஓடு எண்ணுறதுலயே இருந்தீக."

எரிச்சலோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டே கால் இருக்கும். ஓடைப் பக்கத்துப் பாதையில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், இருபத்து மூன்று பேர், முழங்கால் வரை சேறு. சோற்று நேரத்துக்குச் சரியாக வருகிறார்களே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஜோதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காட்டுமாடு மேஞ்சுட்டு மேல ஏறினாத்தாங்க பாதையில பிள்ளைகள விடுவாக. அதுக்கப்புறம் நாலு கிலோமீட்டர் நடக்கணும். நாலேகால் வரைக்கும் பாடம் நடத்துறோம். பத்தலைன்னு சனிக்கெழமையும் பள்ளிக்கூடம் வைக்கிறோம். சோத்துக்கு வர்றதுன்னா சோறு போடாத சனிக்கெழம ஏன் வருதுக?"

"அப்புறம் ஏன் ஆப்சென்ட் போடுறீங்க?"

சவரிமுத்து மெதுவாகச் சொன்னார். "பத்து மணிக்குப் பதிவேட்ட மூடணும்னு ஆபீஸ்ல உத்தரவு இருக்கேம்மா. மீறி எழுதுனா பொய்க்கணக்காயிரும்ல."

இம்புட்டு நேர்மையான மனிதரை என்ன செய்வது? இன்னும் பத்தே பத்துப் பெயருக்கு வருகை போட்டிருந்தால் ஜோதியின் இடத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் சும்மா நம்பிவிடும் ஆள் இல்லை நான். சாப்பாடு முடிந்ததும், சேற்றுக்காலோடு வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை வாசிக்கச் சொன்னேன். "பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமா இருக்கும். வேற ஏதாவது காகிதம் கொடுங்க" என்றேன். ஜோதி அலமாரியைத் திறந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி அவள் கையில் கொடுத்தார். அவள் ஓர் இடத்திலும் நிற்காமல் வாசித்தாள்.

"பள்ளி வேலை நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றக் கோரும் தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. விதிகளில் இடமில்லை என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவரின் பெயரையும் வாசித்தாள். என் பெயர்.

அந்தக் கடிதம் எழுதியது எனக்கு நினைவில்கூட இல்லை. ஒரே மாதிரி பதில் நாளுக்கு எத்தனையோ எழுதுவோம். முகம் எரிந்தது. அந்தப் பெண் தாளை மடித்துத் தந்துவிட்டு, "அடுத்து எத வாசிக்கணும் டீச்சர்?" என்றாள். ரெட்டியார்சத்திரத்தின் பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு நினைவு வந்தது. அவள் வகுப்பில் மற்றவர்களையும் வாசிக்கவைத்து எண்ணிக்கொண்டேன்.

படிவத்தில் பதினேழை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினேன். பக்கத்தில் நேரம் பன்னிரண்டே கால் என்றும், ஒருவருக்குக் காய்ச்சல் என்றும் எழுதினேன். இரண்டு பள்ளியிலும் வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஓரத்தில் சேர்த்தேன். கட்டம் இல்லாவிட்டால் என்ன, ஓரம் இருக்கிறதே.

மறுநாள் அலுவலகத்தில் படிவத்தைப் பார்த்த என் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எண்ண வேண்டியது பத்து மணிக்கு இல்லையா?"

"பத்து மணிக்கு எண்ணினா காட்டுமாடு எங்க நிக்குதுன்னுதான் சார் தெரியும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார். ஜோதி மலையிலேயே இருந்தார். வேலை நேரத்தை மாற்றும் அனுமதிக்கு இன்னும் எட்டு மாதம் நான் மேசை மேசையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த உத்தரவைத் தபாலில் அனுப்பாமல் நானே கொண்டுபோயிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

போகிறவர்களுக்கு: மேலே சொன்ன கட்டணமும் நேரமும் அந்தக் காலத்தவை, பஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மழைக்காலமானால் குடை அவசியம். அதிகாலையில் காட்டுப் பாதையில் நடக்காதீர்கள், அங்கே பிள்ளைகளே காத்திருந்துதான் வருவார்கள். மதியமே திரும்ப முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். நான் மூன்று முறை திரும்பினேன், மூன்று முறையும் 'வருகை குறைவு' என்று எழுதினேன்.