சந்தனம் பட்ட பக்கம்

நான் யாரையும் திருடன் என்று வாயால் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமலேயே ஒருவரை ஊரைவிட்டுக் கிளப்பியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, சூரமங்கலத்தில் ஒரு வெள்ளைக்கார ரயில்வே எஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது தன் சாமான்களை ஏலம் விட்டார். மேஜை நாற்காலிகளுக்குத்தான் போட்டி. பித்தளைத் தொலைநோக்கி ஒன்றும் இருந்தது. அதை யாரும் சீண்டவில்லை. எனக்குக் கிடைத்தது. மூன்றங்குல வில்லை, முக்காலி, தேக்குப் பெட்டி. சேலத்தில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய சொத்து. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புழக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியை ஊன்றிவிடுவேன். சந்திரனில் உள்ள பள்ளங்களின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெரியும். சனியின் வளையத்தை முதலில் பார்த்தபோது சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, "காதுல கடுக்கன் போட்டாப்புல இருக்குதுங்க" என்றாள்.

செவ்வாய்ப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய் எனக்கு நண்பர். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைகளைச் சீட்டு எழுதி அவர் கடைக்கு அனுப்புவோம். ஏழைப் பிள்ளை என்றால் சட்டத்துக்கு மட்டும் காசு வாங்குவார். கண்ணாடியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர். நான் புத்தகத்தில் படித்தவன், அவர் விரலால் தெரிந்தவர். என் தொலைநோக்கியின் வில்லையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிக் கண்ணாடி சண்டை முடியற வரைக்கும் கப்பல்ல வராதுங்க சார். பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் நவராத்திரியும் ரம்ஜான் நோன்பின் முடிவும் ஒரே அமாவாசையை ஒட்டி வந்தன. பிறை பார்க்கத் தொலைநோக்கியை இரவல் கேட்டார் பாய். அவர்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "வெறுங்கண்ணுல பாத்தாத்தான் பிறை. குழாய்ல பாத்தா கணக்கில்லை" என்று சொல்லிவிட்டாராம். "எந்த இடத்துல நிக்குதுன்னு குழாய்ல கண்டுபிடிச்சுட்டு, அப்புறம் வெறுங்கண்ணுல பாத்துக்கறோம் சார். அதுக்கு அவரும் சரின்னுட்டாரு" என்று சிரித்தார். கொடுத்தேன். மறுநாள் கொண்டுவருகிறேன் என்றவர், பெருநாள் கழிந்து மூன்றாம் நாள்தான் கொண்டுவந்தார். கூடவே ஒரு தூக்கில் சேமியாப் பாயசம்.

சில நாளில் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, மண்வெட்டி, என் சைக்கிள், புத்தகங்கள் எல்லாவற்றோடும் தொலைநோக்கியையும் மனைவி பூஜையில் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "ஏனுங்க, இதுக்கு நெத்தி எதுங்க?" என்று கேட்டாள். நான் வேடிக்கையாக, "முன்னால் இருக்கிற கண்ணாடிதான் நெற்றி" என்றேன். அவள் வில்லையின் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமம் இட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. ஆகவே அந்தச் சந்தனம் ஒரு பகலும் ஓர் இரவும் வழிந்து விளிம்புக்குள் இறங்கிக் காய்ந்தது.

விஜயதசமியன்று வளையத்தைத் திருகிக் கழற்றி, வில்லையை வெளியே எடுத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துத் திரும்பப் போட்டேன். எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்றே நினைக்கவில்லை. வில்லையை எப்படித் திருப்பினாலும் குவியத் தூரம் ஒன்றுதான் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

மழை விட்ட ஒரு மாலையில் சந்திரனைப் பார்த்தேன். பள்ளங்கள் எல்லாம் தயிரில் போட்டதுபோல் கலங்கியிருந்தன. எப்படித் திருகினாலும் தெளியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் பார்த்தேன். அதே கலக்கம்.

அப்போது என் மனம் போன வழியை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று நாள் ஏன் வைத்திருந்தார்? இந்தக் கண்ணாடி இனி வராது என்று ஏன் சொன்னார்? எதற்காகத் தடவிப் பார்த்தார்? பித்தளை வளையத்தில் சின்னக் கீறல் ஒன்று இருந்தது, அது முன்பே இருந்ததா? பாயசம் ஏன் கொண்டுவந்தார்? நல்ல வில்லையை எடுத்துக்கொண்டு, மட்டமான ஒன்றை அதே அளவுக்குத் தேய்த்துப் போட்டுவிட்டார் என்று ஒரு வாரத்துக்குள் எனக்கு நிச்சயமாகிவிட்டது. கடைக்குப் போய்ச் சட்டம் பார்ப்பதுபோல் அவருடைய தட்டுகளை எல்லாம் நோட்டம் விட்டேன். ஒரு தட்டின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நானே வில்லையைக் கழற்றியது எனக்கு மறந்துபோகவில்லை. அது நன்றாக நினைவில் இருந்தது. என் கை தப்புச் செய்யும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். இன்னொருவர் பாய் கடைக்கு அடுத்த ஜவுளிக்கடைக்காரர். பாய் கடை இருந்த கட்டிடமும் அவருடையதுதான். "பாயிடம் எதையாவது கொடுத்தால் திரும்ப வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். தொலைநோக்கியைக் கொடுத்தேன், வாங்கினேன், அதற்குப் பின் தெரியவில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டியிருந்தது?

பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு போவது நின்றது. தங்கச் சட்டத்தை ரிப்பேருக்குக் கொடுத்த ஒருவர், வேலை முடியும்வரை கடையிலேயே எதிரில் உட்கார்ந்திருந்தாராம்.

ஒருநாள் மாலை பாய் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், குழாய்ல ஏதோ கோளாறுன்னு ஜவுளிக்கடையில சொன்னாங்க. ஒரு தடவை எங்கிட்டக் காட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல என்னன்னு சொல்லிப்போடறேன்."

"அப்படியெல்லாம் ஒன்றுமில்லை பாய். பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன்."

"ஒண்ணுமில்லீன்னா ஊருக்குள்ள ஏன் சார் அப்படிப் பேசறாங்க?"

"ஊர் என்ன பேசினால் என்ன?"

அவர் கூடத்து மூலையில் இருந்த தேக்குப் பெட்டியைப் பார்த்தார். வில்லையை மறுபடி மாற்றி வைத்துத் தடயத்தை அழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் படியிறங்கியதும் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். யுத்தம் முடிவதற்குள் அவர் கடையை மூடிவிட்டு நாமக்கல்லுக்குப் போய்விட்டார். போனது என் சந்தேகத்துக்கு இன்னொரு சாட்சியாயிற்று.

ஏழு வருஷம் நான் வானத்தைப் பார்க்கவில்லை.

பிறகு எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். மாலைகள் நீளமாகிவிட்டன. அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன், இருட்டத் தொடங்கியதும் தென்மேற்கே பக்கத்து வீட்டுப் புளியமரத்துக்கு மேலே வியாழன் பளிச்சென்று நிற்கும். புழக்கடையில் கை கால் கழுவப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். மட்டமான வில்லையானாலும் ஒன்றுமில்லாததற்கு அதுவாவது இருக்கட்டும் என்று ஒருநாள் பூட்டைத் திறந்தேன். துரு ஏறிய பூட்டு. எண்ணெய் விட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது.

வில்லையில் பூஞ்சை பிடித்திருந்தது. கழற்றித் துடைக்கலாம் என்று புழக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து வளையத்தைத் திருகினேன். வில்லை உள்ளங்கையில் விழுந்தது. குழாய்க்குள் இருந்த பக்கத்தின் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு, ஓரிடத்தில் சிவப்புப் பொடி. பித்தளைக் களிம்பு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது நான் வெச்ச பொட்டுங்க."

"எந்தப் பொட்டு?"

"பூசையில வெச்சனே. நெத்தின்னு நீங்கதானுங்க காட்டுனீங்க. அது வெளிய இருந்த பக்கமாச்சே, உள்ள எப்படிங்க போச்சு?"

நான் சுரண்டுவதை நிறுத்தினேன். அவள் அரிசி களையத் திரும்பினாள். சந்தனம் வைத்தது பாய் திருப்பிக் கொடுத்த பிறகு. அதன்பின் வில்லையைத் தொட்டவன் நான் ஒருவன்தான். வில்லையைத் தடவினேன். ஒரு பக்கம் நன்றாகப் புடைத்திருந்தது, மறுபக்கம் ஏறக்குறையச் சமதளம். சந்தனக் கோடு புடைத்த பக்கத்தில் இருந்தது. திருப்பிப் போட்டால் குவியத் தூரம் மாறாது, ஆனால் பிம்பத்தின் தெளிவு மாறும் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தப் பக்கத்தை வெளியே வைத்து வளையத்தைத் திருகினேன்.

அன்று மாலை வியாழனைப் பார்த்தேன். தட்டுப்போல உருண்டையாக, குறுக்கே இரண்டு பட்டைகளோடு நின்றது. அதன் நாலு சந்திரன்களும் ஊசி குத்தியதுபோல் வரிசையாக இருந்தன. ஏழு வருஷத்துக்குப் பின் பார்க்கிற காட்சி. கண்ணை எடுத்துவிட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி நாமக்கல் போனேன். கோட்டைப் பாறைக்குக் கீழே கடைவீதியில், தன் மச்சானுடைய மளிகைக் கடையில் பாய் மல்லி நிறுத்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தார்.

"வாங்க சார். டீ சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொட்டலத்தைக் கட்டி, நூலை அறுத்து, வாங்க வந்த அம்மாளை அனுப்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எந்தப் பக்கம் மாறியிருந்துச்சு?"

"புடைத்த பக்கம் உள்ளே இருந்தது."

"ஒரு நிமிஷ வேலை." தராசுத் தட்டைத் துடைத்தார். "அன்னிக்கு வந்து கேட்டேனே சார்."

"கேட்டீர்கள்."

"திருடுனதைத் திருப்பி வெக்க வந்திருக்கான்னு நெனச்சீங்க."

"ஆமாம்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? எடுத்தேன்னு யாருகிட்டச் சொன்னீங்களோ, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. என் மவன் அதே எடத்துல மறுபடி கண்ணாடிக் கடை போடணும்னு ரெண்டு மாசமா அலையறான். தொழில் நல்லாத் தெரிஞ்ச பையன். ரூம் காலியாத்தான் கெடக்குது. என் மவன்னு தெரிஞ்சதும் ஜவுளிக்கடைக்காரரு இல்லைங்கறாரு."

அன்றே திரும்பினேன். டிராயிங் வாத்தியார் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பிறகு, "நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைவில்லையே" என்றார். முடிந்தவரை எல்லாரிடமும் போய்ச் சொல்லுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஜவுளிக்கடைக்குத் தொலைநோக்கியையே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் நிறுத்தி, அந்திச் சந்திரனைக் காட்டினேன். முதலில் வில்லையைத் தப்பாகப் போட்டுக் காட்டினேன், பிறகு திருப்பிப் போட்டு. சந்தனக் கோட்டையும் காட்டினேன். அதை மேலும் சுரண்டாமல் விட்டிருந்தேன். கடைக்காரர் பொறுமையாகக் குனிந்து இரண்டு தடவையும் பார்த்தார்.

"ஆமாங்க, மங்கலா இருந்தது தெளிஞ்சுதான் போச்சு."

"பாய் எடுக்கவில்லை. தப்பு என்னுடையது."

"வாத்தியாரய்யா, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதுங்களா? வயசாச்சு, யாரோட பொல்லாப்பும் வேண்டாம்னு பெருந்தன்மையாச் சொல்றீங்க."

"பெருந்தன்மை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்."

"அப்படிங்களா?" என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் ஒருகாலத்தில் பாயின் தட்டுகளைப் பார்த்த பார்வை அது. "பாய் நாமக்கல்லுல இருந்து ஆள் அனுப்பிச்சாருங்களா?"

"நானேதான் போனேன்."

"போனீங்களா! அதானே பாத்தேன்." கடைக்குள் திரும்பித் துணிகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். "அன்னிக்கு எடுத்தாருன்னு சொன்னதும் நீங்கதான். இன்னிக்கு எடுக்கலைங்கறதும் நீங்கதான். நான் எதை நம்பறதுங்க?"

ஏழு வருஷத்துக்கு முன் அவர் என்னிடம் ஒரு சாட்சியும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. இப்போது கையில் வில்லையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து பாய்க்கு ஒரு கார்டு எழுதினேன். டிராயிங் வாத்தியார் நம்பிவிட்டார், ஜவுளிக்கடைக்காரர் இன்னும் நம்பவில்லை, நாளைக்கும் போகிறேன், பையனிடம் வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதினேன். மறுநாள் காலை கார்டைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, ஜவுளிக்கடை திறக்கிற நேரத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் போய் நின்றேன்.