செவுளைப் பார்க்காமல் வாங்கிய மீன்

கடல் வழியாக ஒருவன் ஆயுதத்தோடு வருவதற்கு முன், அவனுக்காகக் கரையில் இன்னொருவன் வேவு பார்த்திருப்பான். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் எதிர் உளவு. பல வருடம் நான் செய்த வேலை அது.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற ஸ்டெல்லா எனக்குச் சோர்ஸ், அதாவது ரகசியமாகத் தகவல் தருபவள். ஐஸ் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஒரு புது ஆள் சுற்றுவதையும், ரோந்துப் படகு போகும் நேரத்தை மீனவர்களிடம் விசாரிப்பதையும் அவள்தான் சொன்னாள். அவனுக்குப் பின்னால் யார் என்று தெரியும்வரை கைது வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் எங்கள் டி.எஸ்.பி.

சோர்ஸை அவருடைய இடத்தில் சந்திக்கக் கூடாது என்பது விதி. அவசரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வாடிக்கையாளர் போல அவள் கடைக்கு மூன்று நாள் போனேன். நான் மயிலாப்பூரில் சைவ வீட்டில் வளர்ந்தவன். அவள் கொடுத்த மீனை வாங்கி, பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

செவுள் சிவப்பாக இருந்தால்தான் மீன் புதிது என்பதுகூடத் தெரியாத என்னை மூன்றாம் நாள் அவள் கிண்டல் செய்தாள்.

"இன்னா சார், செவுளத் தூக்கி செவப்பா கீதான்னு கூடப் பாக்காம வாங்கிக்கினு போற? வூட்ல திட்ட மாட்டாங்க?"

"மீன் வீட்டுக்குப் போனாத்தானேம்மா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மறுநாள் காலை அவளிடமிருந்து போன்.

"சார், அந்த ஐஸ்காரன் வந்தான். 'மீனக் குப்பையில போடுற கஸ்டமர் இன்னிக்கு வரலியா'ன்னு சிரிக்கிறான். என் பொண்ணு எந்த ஸ்கூலுன்னு கேக்குறான். இன்னா சார் பண்ணி வெச்ச?"

உடனே டி.எஸ்.பி.யிடம் சொல்லியிருந்தால் அவனை அங்கேயே வளைத்திருக்கலாம். விதியை மீறியது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். "கடையை மூடிட்டு, பொண்ணோட வீட்டுலயே இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. அதற்குள் அவன் மறைந்துவிட்டான்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னபோது டி.எஸ்.பி. கத்தவில்லை. "மீன் வாங்கினதைக்கூட மன்னிச்சிடுவேன்யா. ஒரு பகல் முழுக்க மறைச்சியே, அது அவன் ஓடறதுக்கு நீ குடுத்த டைம்" என்றார்.

ஸ்டெல்லாவையும் மகளையும் வேறு ஊருக்கு அனுப்பினோம். வண்டி ஏறும்போது, "அவன் மாட்டுனா ஒரு போன் பண்ணு சார். அப்பத்தான் தூங்குவேன்" என்றாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தவறு செய்த அந்த நிமிடமே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றும் நேரத்தில் வேறொருவர் உயிர் அடமானத்தில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும், கடலோரச் செய்தி எதையும் பயந்துகொண்டேதான் படிக்கிறேன். ஸ்டெல்லாவின் எண் என்னிடம் இருக்கிறது. அவன் மாட்டவேயில்லை; இதுவரை அழைக்கவில்லை.