எந்தக் காசி? குற்றாலம் போகும் வழியில் இலத்தூர்

பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் சிற்றரசர்களைப் பற்றிய என் நூலைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிய வாரம், குற்றாலத்தில் ஆனிச் சாரல் தொடங்கியிருந்தது. (எது விற்கும் என்று அவருக்குத் தெரியுமாம். இருக்கட்டும்.) சென்னையிலிருந்து இரவு ரயில் பிடித்துக் காலை எட்டு மணிக்குத் தென்காசியில் இறங்கினேன்.

அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். குற்றாலத்து விடுதிக்காரரிடம் அறையோடு ஆட்டோவும் சொல்லி, வழக்கம்போல் "காசி, இலத்தூர்" என்று பெயரோடு சொந்த ஊரையும் கொடுத்திருந்தேன். காசி என் தாத்தா பெயர். என் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் அதே பெயர்தான்.

"காசி அண்ணாச்சி வீட்டுக்குத்தான சார்?" என்றார் ஓட்டுநர். "காசிதான்" என்று சொல்லிக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஆட்டோ நின்றிருந்தது, பதினெட்டு ஆண்டுகளாக நான் மிதிக்காத அண்ணன் வீட்டு வாசலில்.

நான் முனைவர் பட்டம் வாங்கிய ஆண்டு, குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை எனக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். பூசாரி "காசி" என்று கூப்பிட்டார். இருவரும் முன்னால் போனோம். மாலை அண்ணன் கழுத்தில் விழுந்தது. அவர் கழற்றவில்லை.

நான் ஆராய்ந்த ராய்ஸ் அரச குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஹைன்ரிஷ்தான். எண் போட்டுத்தான் பிரித்தறிந்தார்கள். அக்காலச் சிற்றரசர்கள் பலர் தாலுகா அளவு நாட்டைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, சபையில் யார் முன்னால் உட்காருவது என்று மல்லுக்கட்டினார்கள். வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

மதினி எட்டிப் பார்த்தார். "ஏங்க, காசி வந்திருக்காக."

"எந்தக் காசி?" உள்ளேயிருந்து அண்ணன் குரல்.

"மெட்ராஸ் காசி."

அண்ணன் கைத்தடி ஊன்றி வந்தார். இளைத்திருந்தார்.

"மாலை வாங்க வந்தியாலே?"

"ஆட்டோக்காரர் இங்கன கொண்டு விட்டுட்டார்."

"டாக்டருக்கு வழி தெரியாதோ?"

ஓட்டுநர் தலையை நீட்டினார். "ரெண்டு காசியில எந்தக் காசி சார் வாடகை குடுக்கது?" மதினிதான் முதலில் சிரித்தார்.

இட்லி சாப்பிடும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ போன பொறவு பூசாரி பேரே சொல்லுததில்ல. ஒருத்தன்தான நிக்கேன். பேசாம போட்டுட்டுப் போயிருதாரு. அதுல என்னலே இருக்கு?"

நான் இன்னொரு இட்லி கேட்டு வாங்கினேன்.

மதியம் அதே ஆட்டோவில் குற்றாலம் போனேன். இலத்தூர் சுற்றையும் சேர்த்து வாடகை நானூறு; இல்லாவிட்டால் இருநூறுக்குள் முடியும். பேரருவியில் தண்ணீர் அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். பதிவு செய்யும்போது பெயரோடு சொந்த ஊரைச் சொல்லாதீர்கள்.

அந்த மாலை என்னுடையதுதான். அதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் ஆடிக் கொடைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு பேர் நின்றால் பூசாரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும்.