சொட்டு நிற்காத தெரு

செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் லேக் வியூ அவென்யூ என்று ஒரு தெரு. மனை போட்டவர் வைத்த பெயர். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சிரமம் இல்லை, ஏரியே வீட்டுக்கு வந்துவிடும். அந்தத் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு நிரந்தரச் செயலாளர் ஜீவானந்தம். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அதட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், இங்கே சங்கம் இருந்தது.

மனிதருக்கு வாய் இரண்டு. ஒன்று மாநகராட்சி அலுவலகத்துக்கு. "மூழ்கிக்கிட்டிருக்கோம் சார், மழைநீர் வடிகால் போட்டுக் கொடுங்க" என்று மாதம் தவறாமல் மனு கொடுப்பார். இன்னொன்று வீடு வாங்க வருகிறவர்களுக்கு. "இந்த ஏரியாவிலேயே மேடு நம்ம தெருதான். சொட்டு நிக்காது." வெளியாள் யார் கேட்டாலும் இரண்டாவது வாயைத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மனை விலை படுத்துவிடும் என்று தெருவுக்கே பாடம் எடுத்திருந்தார். யாராவது வாட்ஸ்அப் குழுவில் வெள்ளப் படம் போட்டால் அடுத்த நொடியே படமும் போய்விடும், ஆளும் போய்விடுவார்.

இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் வாசலோடு சரி. உள்ளே ஃப்ரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றுவதும் சாக்கடைத் தண்ணீரை வாரி வெளியே ஊற்றுவதும் மனைவி சரளாவின் வேலை. போன மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. "இன்னொரு மழை என்னால ஆகாதுங்க. வடிகால் வரலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க சங்கத்தோட இருங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண்மணி. ஜீவானந்தத்துக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. நிஜமாகவே பயந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கணக்கெடுப்பு வந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் என்று மக்களையே கேட்டு முடிவு செய்யப் போகிறார்களாம். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ரேஷ்மா என்ற பெண் அவர் கேட்டில் வந்து நின்றாள். கெட்ட நேரம், எதிர்வீட்டு பிரிட்டோ தன் வீட்டை விலைக்குக் கேட்டு வந்த குடும்பத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

"வடிகால் சர்வே சார். மழைக்கு உங்க தெருவில தண்ணி நிக்குமா?"

உண்மை தொண்டைவரை வந்தது. பிரிட்டோவின் கண் அவர்மேலேயே இருந்தது.

"நம்ம தெருவிலயா? சொட்டு நிக்காதும்மா" என்றார் ஜீவானந்தம், அந்தக் குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரி.

பாடம் படித்த தெரு கடைசி வீடுவரை அதையே ஒப்பித்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. இத்தனை மனு கொடுத்திருக்கிறோம், இந்தச் சின்னப் பெண் டேப்லெட்டில் தட்டிக்கொண்டு போவதையா பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

பின்தெருவில் மீன் விற்கும் எல்லம்மாவிடமும் ரேஷ்மா அதே கேள்வியைக் கேட்டாள். "நிக்குதாவா? வூட்டுக்குள்ள வந்து குந்திக்கினு கீது கண்ணு. வா, சொவுத்துல கறை கீது, காட்டுறேன்" என்றாள் எல்லம்மா. அந்தத் தெருவில் வீட்டை விற்கிற யோசனை யாருக்கும் இல்லை.

வடிகால் எல்லம்மா தெருவுக்கு வந்தது. ஜீவானந்தம் அலுவலகத்துக்கு ஓடினார். பொறியாளர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க தெருவில ஒருத்தர்கூட தண்ணி நிக்குதுன்னு சொல்லலையே சார். அதனாலதான் பின்தெரு வடிகாலைக் கொண்டுவந்து உங்க தெருவில விடறோம். எவ்வளவு வந்தாலும் ஓடிடும் இல்லையா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்."

"எது சார் சும்மா? சர்வேயில சொன்னதா, மனுவில எழுதினதா?"

ஜீவானந்தம் திரையை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

ஐப்பசி மழையில் எல்லம்மா தெரு காய்ந்து கிடந்தது. இரண்டு தெருத் தண்ணீரும் லேக் வியூ அவென்யூவில் நின்றது. சரளா பெட்டியைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டுக்குப் போக அழைத்த ஆட்டோ தெருவுக்குள் வர மாட்டேன் என்று முனையிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து முழங்கால் தண்ணீரில் ரேஷ்மா மறுபடியும் வாசலில் வந்து நின்றாள்.

"வேலை முடிஞ்சதும் மக்களுக்குத் திருப்தியான்னு கேட்கச் சொல்லியிருக்காங்க சார். தண்ணி நிக்குதா?"

"நீயே பார்க்கிறியேம்மா."

"பார்த்துப் போடக்கூடாது சார். கேட்டுத்தான் போடணும்."

ஜீவானந்தம் மனைவியின் பெட்டியைப் பார்த்தார். எதிர்மாடியிலிருந்து பிரிட்டோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு இன்னும் விற்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள்தாம்மா இப்படி. மத்தபடி சொட்டு நிக்காது."

சரளா கட்டிலைவிட்டு மெல்ல இறங்கினாள்.

"அவர் சொன்னதையே போட்டுக்கோம்மா. உன் செருப்பு மிதந்து போகுது பாரு, அதைப் புடிச்சுக்கிட்டு முனையில அந்த ஆட்டோவை நிறுத்திவை. நான் நடந்தே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.