துளசி இல்லாத சனிக்கிழமை

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்தச் செடியை எடுத்துவிடுவதா, இருக்க விடுவதா? புரட்டாசியில் தொடங்கிய இந்தக் கேள்விக்குத் தை பிறந்தும் என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கணவருக்குக் குன்னூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன குளிர்காலத்தில்தான் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வந்தோம். படுக்கையறைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் வெறும் குச்சிகளாக ஏதோ நின்றது. காய்ந்துபோனது என்று நினைத்து, வெந்நீர் அடுப்புக்கு ஒடிக்கப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டார். "அம்மிணி, அது சாகல, தூங்குது. உட்டுரு!"

மாசி கடைசியில் கணுக்களில் பச்சை முளைத்தது. கோடை மழைக்குப் பிறகு உள்ளங்கை அகல இலைகள், அப்புறம் பந்து பந்தாகப் பூக்கள். ஹைட்ராஞ்சியா என்று பெயராம். எங்கள் வீட்டு வரிசையில் பந்துப்பூ என்பார்கள். நிழலும் ஈரமும் இருந்தால் போதும், மழைக்காலத்தில் ஒரு குச்சியை நட்டாலே வேர் விட்டுவிடும். மாற்றலாகிப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு குச்சி கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அப்படித்தான் வரிசை முழுக்கப் பரவியிருக்கிறது. இந்த மண்ணில் நீலமாகப் பூக்கிறது. சுண்ணாம்பு வழிந்த சுவரோரம் மட்டும் ரோஜா நிறம். இரண்டரை வயது மகள் காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியாக அந்தப் பூக்களைத்தான் முதலில் பார்ப்பாள்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த துளசிச் செடி மழையிலும் குளிரிலும் அழுகிப்போயிருந்தது. கடைத்தெருவுக்கு இறங்க முடியாத மழை. எந்தப் பூவானால் என்ன என்று, இரண்டு நீலப் பந்துகளை இலையோடு பறித்துப் படத்துக்கு வைத்தேன். கொஞ்சம் உதிர்த்துத் தட்டிலும் போட்டேன்.

பாயசம் எடுக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்பினால், மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுவது துளசிக்காக நான் பழக்கியது. அதையே இந்தப் பூவுக்கும் இலைக்கும் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். "சாமி துளசி" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

வாயில் இருந்ததை வழித்தெடுத்துவிட்டுக் கைபேசியில் தேடினேன். நஞ்சுள்ள செடி என்றது. அதற்கு மேல் படிக்கக் கண் போகவில்லை. கணவர் தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டு போகக் கூடாது. மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அழுவறத ஆட்டோல வெச்சுக்கலாம். அந்தச் செடில ஒரு கிளைய ஒடிச்சுக்க, டாக்டர் கேப்பாங்க" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே.

பனிமூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. வழியில் ஒரு முறை என் மடியில் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில், எவ்வளவு தின்றாள் என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டில் எவ்வளவு போட்டேன் என்பதே நினைவில் இல்லை. சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அவளோ பாயசம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் டாக்டரம்மா சிரித்தார். "கொஞ்சமாத்தான் தின்னிருக்கா. சாமிக்கும் ஒண்ணும் ஆகல, பாப்பாவுக்கும் ஒண்ணும் ஆகலைங்க. ஊட்டுக்குப் போயி அந்தப் பாயசத்தக் குடுங்க."

மறுநாள் காலையிலேயே கணவர் மண்வெட்டியை எடுத்தார். அக்கா விடவில்லை. "தம்பி, அதுக்கு முன்னாடி கோடி வீட்ட ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வாங்க."

வண்டி நிறுத்தக் கொட்டகை போட வேண்டும் என்று அந்த வீட்டில் மேட்டுச் செடிகளைப் பிடுங்கியிருந்தார்கள். ஆடி மழையில் மண் சரிந்து பின்சுவர் வரை வந்திருந்தது. அதே மேடு, அதே மழை. எங்கள் பக்கம் ஒரு கட்டி மண்கூட விழவில்லை. எங்கள் மேட்டுக்குக் கீழேதான் மகள் தூங்குகிறாள். கணவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இப்போதைக்குச் செடியைச் சுற்றிக் கம்பிவலை கட்டியிருக்கிறோம்.

இலையெல்லாம் உதிர்ந்து செடி மறுபடியும் குச்சியாக நிற்கிறது. எடுப்பதானால் இதுதான் சமயம். "பூ தூங்குதும்மா" என்கிறாள் மகள்.

அன்றிலிருந்து நான் எதைக் கொடுத்தாலும், தயிர்சாதமாக இருந்தாலும், கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "இது சாமிக்கா, வாய்க்கா?" என்று கேட்கிறாள். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் "வாய்க்குத்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இன்னொரு முறை தட்டைப் பார்த்துக்கொள்கிறேன். கொடுப்பதை அப்படியே நம்பி வாயில் போட்டவள் இப்படிக் கேட்க ஆரம்பித்ததில் எனக்கு நிம்மதியா வருத்தமா என்றும் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். மலையில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்: இதை எடுத்துவிட்டு மண்ணைப் பிடித்து நிறுத்த வேறு என்ன நடலாம்? இல்லை, செடியை இருக்க விட்டு, பிள்ளையைத்தான் பழக்க வேண்டுமா?