மொட்டை மாடிப் பூட்டு

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தி.நகர் நடைபாதையில் கரண்டி விற்று, பாத்திரக்கடை வைத்து, மயிலாப்பூரில் மூன்று மாடி வீடும் கட்டினேன்.

கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடியதும், கிருமிக்குப் பயந்து மொட்டை மாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒன்பதாவது படித்த பேத்தி யாழினி, மாதக்கணக்கில் கட்டிலிலேயே செல்போனில் பாடம் கேட்டாள். வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை என்று தெரு முழுக்கப் பெருமையடித்தேன்.

பள்ளி திறந்த முதல் நாளே, வகுப்புக்குப் படியேறியவள் கால் துவண்டு சரிந்துவிட்டாள். பின்னால் வந்த டீச்சர் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "பொண்ணு வெயிலையே பாக்கலையா? எலும்புல சத்தே இல்லையே!" என்றார்.

"எங்க தாத்தா வெயிலுக்கும் சேர்த்துப் பூட்டு போட்டுட்டாரு டாக்டர்," என்றாள் பேத்தி. அந்த வலியிலும் நக்கல்!

அன்றே பூட்டைக் கழற்றினேன். மாத்திரையும் வெயிலுமாகத் தேறி, யாழினி இப்போது கோ-கோ அணியில் ஓடுகிறாள். தினமும் காலையில் நானே மாடிக் கதவைத் திறந்து, வீட்டில் வாடகைக்குக் குடியிருப்போர் பிள்ளைகளையும் கூப்பிட்டு விளையாட விடுகிறேன்.

வீட்டில் எல்லோரும் டாக்டரம்மாவைத்தான் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் பிள்ளைகள் விழாதபடி அந்த மாடியை நெஞ்சளவு சுவர் வைத்துக் கட்டியவன் நான். அதையும் மறக்காமல் உங்கள் பத்திரிகையில் போடுங்கள், ஆசிரியரே!